மிச்சமான நேரம் யாருடையது?

ஒரு புதன்கிழமை இரவு ஏழு மணி. பட்டுக்கோட்டையில் கணக்கு எழுதும் வேலையை முடித்து, பேருந்தில் நின்றபடியே கறம்பக்குடி வந்து இறங்கி, செருப்பைக் கழற்றிய கையோடு அடுப்படிக்குப் போனேன். பிரிட்ஜின் மேல்தட்டு ஐஸ் பெட்டியைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமை வைத்த அரைக் கிலோ கோழிப் பொட்டலத்தை எடுத்தேன். குக்கரில் எண்ணெய், சோம்பு, பட்டை, வெங்காயம், இஞ்சி பூண்டு, தக்காளி, மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாம் வதங்கியிருந்தன. கல்லாய்க் கிடந்த கோழித் துண்டுகளை அப்படியே உள்ளே கொட்டினேன். கூழாங்கல் விழுகிற சத்தம் கேட்டது.

அந்தச் சத்தத்துக்கு அத்தை, என் கணவரின் அம்மா, அடுப்படி நிலைப்படிக்கு வந்துவிட்டார்.

"ஏத்தா, கல்லு மாதிரி கெடக்கு. இதுல எப்படி மசாலா புடிக்கும்?"

"கூட ரெண்டு விசில் விட்டா புடிச்சுரும் அத்தை."

அவர் கொஞ்ச நேரம் குக்கரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "நாங்கள்லாம் இப்படியா பொங்கிப் போட்டோம்?" என்று சொல்லிவிட்டுத் தொலைக்காட்சி முன் போய் உட்கார்ந்தார். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அது எனக்குள் தங்கிவிட்டது. கணவர் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு வந்து, "நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா அம்மா சொல்றதுலயும் ஒண்ணு இருக்கு" என்றார். அந்த 'ஒண்ணு' என்னவென்று அவர் சொல்லவில்லை. கேட்டாலும் சொல்லியிருக்க முடியாது என்றே நினைக்கிறேன். அதைக் கண்டுபிடிக்கத்தான் இந்தக் கட்டுரை.

சமையலில் சுலபமான வழியைத் தேர்ந்தெடுப்பது தவறா? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. ஆனால் வேலைக்குப் போகிற பெண்களும் போகாத பெண்களும் ஒவ்வொரு நாளும் இந்தக் கேள்விக்கு முன்னால் கைகட்டி நிற்கிறோம். யாரும் குற்றம் சாட்டாத வீட்டில்கூட நாமே நம்மைக் குற்றம் சாட்டிக்கொள்கிறோம். அத்தையின் ஒற்றை வாக்கியத்தில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா? ருசி இருக்குமா? இப்படிச் செய்தால் குடும்பத்தின் மேல் அக்கறை இருக்கிறது என்று சொல்ல முடியுமா? மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால்தான் எது உண்மையான கவலை, எது கவலை வேடம் போட்ட வேறொன்று என்பது தெரியும்.

முதலில் உடம்பு. உறைய வைத்தால் இறைச்சியில் இருக்கும் கிருமிகள் சாவதில்லை, பெருகாமல் நின்றுவிடுகின்றன. பிரீசர் சைபருக்குக் கீழே 18 பாகை செல்சியஸில் இருந்தால் அவை அசையாமல் கிடக்கும். இறைச்சி மறுபடி சூடேறத் தொடங்கும்போது அவையும் விழித்துக்கொள்கின்றன. 5 பாகைக்கு மேல் 60 பாகைக்குள் இருக்கும் வெப்பம்தான் அவை வேகமாகப் பெருகும் இடம். எங்கள் ஊரின் சித்திரை மாதத்து அடுப்படி எப்போதும் அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. "காலையில எடுத்துத் தொட்டியில வச்சுட்டுப் போ, சாயங்காலம் பதமா இருக்கும்" என்பது அத்தையின் யோசனை. உள்ளே பனி உருகும் முன்பே வெளித்தோல் பல மணி நேரம் வெதுவெதுப்பில் ஊறிக் கிடக்கும் என்பதால், கவனமானதாகத் தோன்றும் இந்த வழியில்தான் ஆபத்து அதிகம். இரவே எடுத்துப் பிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடலாம், அதில் குறையில்லை. மறந்துபோனால், ஐஸோடு நேராக அடுப்பில் ஏற்றுவதும் பாதுகாப்பானதுதான். வழக்கத்தைவிடப் பாதி நேரம் கூடுதலாக வேக வேண்டும். பத்து நிமிடத்தில் வேகிற கறிக்குப் பதினைந்து நிமிடம். இறைச்சியின் நடுப்பகுதி 74 பாகையைத் தொட வேண்டும் என்பது கணக்கு. நம் வீடுகளில் வெப்பமானி இல்லை. இருப்பதிலேயே தடிமனான துண்டை எடுத்து எலும்போரமாக வெட்டிப் பார்த்தால் போதும், பச்சையாகவோ ரத்தச் சிவப்பாகவோ இருந்தால் இன்னும் இரண்டு விசில். கொதிக்கிற எண்ணெயில் மட்டும் உறைந்த கறியைப் போடக் கூடாது. பனி பட்டு எண்ணெய் முகத்துக்குத் தெறிக்கும். ஆக, வறுவலுக்கு ஆகாது, குழம்புக்கு ஆகும்.

அடுத்தது ருசி. இதில் அத்தை சொல்வதில் நியாயம் இருக்கிறது. முந்தின நாளே மஞ்சள் உப்புத் தடவி ஊறவைத்த கறியில் மசாலா இறங்குகிற அளவுக்கு உறைந்த கறியில் இறங்காது. உறையும்போது உள்ளிருக்கும் நீர் ஊசிபோன்ற பனியாகி நாரைக் கிழிப்பதால் வெந்த பிறகு கறி கொஞ்சம் சக்கையாக இருக்கும். நாட்டுக்கோழியை அன்றைக்கே அறுத்து, மிளகும் சீரகமும் அம்மியில் அரைத்து வைக்கிற குழம்போடு என் புதன்கிழமைக் குழம்பு போட்டி போடாது. ஆனால் அது போட்டிக்கு வந்ததே இல்லை. புதன்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு அதோடு போட்டி போடுவது கடையில் வாங்கும் பரோட்டாவோ, ரசமும் அப்பளமுமோதான். அந்த வரிசையில் வைத்துப் பார்த்தால் என் குழம்பு மோசமில்லை.

இந்த இரண்டையும் நான் அத்தையிடம் பொறுமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டார். "சரித்தா, ஒடம்புக்கு ஒண்ணும் செய்யாதுன்னு படிச்சவ சொல்ற, சரிதான். ஆனாலும் பழசு பழசுதானே?" என்றார்.

பழசு. அந்தச் சொல்லில்தான் மூன்றாவது கேள்வி ஒளிந்திருக்கிறது.

எங்கள் வீட்டில் பழையதைத் தின்று வாழ்ந்தவர் யார் என்று யோசித்துப் பார்த்தேன். அத்தைதான். நாற்பது வருடமாக அவர் காலைச் சாப்பாடு முந்தின இரவின் நீர் ஊற்றிய சோறு. மாமா இருந்தவரை, மாமாவுக்குச் சுடச்சுட இட்லி. கறி எடுத்த நாளில் நெஞ்சுக்கறியும் காலும் ஆண்களுக்கும் பிள்ளைகளுக்கும் போகும். கழுத்தும் குழம்பும் சட்டியில் ஒட்டியிருப்பதும் அத்தைக்கு. மறுநாள் மிஞ்சிய குழம்பைச் சுண்டவைத்து அவர் மட்டும் சாப்பிடுவார். "நேத்துக் கறிய ஆம்பளைக்கு எப்படித்தா வைக்கிறது?" என்று கேட்டுக்கொண்டே அதைத் தன் தட்டில் போட்டுக்கொள்வார். பழையது உடம்புக்கு ஆகாதென்றால் அவர் உடம்புக்கு மட்டும் எப்படி ஆனது? நாம் 'புதுசு' என்று சொல்வது உணவின் வயதைக் குறிக்கிற சொல் மட்டுமாக இருந்திருந்தால், வீட்டில் எல்லோருக்கும் ஒரே விதி இருந்திருக்கும். விதி இரண்டாக இருந்தது. அப்படியென்றால் புதுசு என்பது ஒரு மரியாதை. யாருக்காக ஒரு பெண் அந்த நேரத்தில் அடுப்பின் முன் நின்றாளோ அவருக்குத் தரப்படும் மரியாதை. அந்தப் பெண்ணுக்கு அது தேவையில்லை என்று எல்லோரும், அவளும் சேர்ந்தே, முடிவு செய்திருந்தார்கள்.

உலகம் முழுக்க இப்படித்தானா என்றால், இல்லை. கனடாவின் லாப்ரடார் கடற்கரைப் பனிநிலத்தில் வாழும் இன்யூட் மக்கள் மீனைப் பிடித்தவுடன் பனிக்காற்றிலேயே உறைய விடுவார்கள். மாதங்கள் கழித்து உருக்கித் தின்றாலும் அது அன்றைக்குப் பிடித்த மீன்போலவே இருந்ததைப் பார்த்து வியந்த அமெரிக்கர் கிளாரன்ஸ் பேர்ட்ஸ்ஐ, அந்த அறிவை இயந்திரமாக்கினார். 1930இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்பீல்டு ஊரில் உறைந்த உணவுப் பொட்டலங்கள் கடைக்கு வந்தன. அந்தப் பனிநிலத்து மக்களுக்கு உறைந்த மீன் பழையதாகப்படவில்லை. எது புதுசு, எது பழசு என்பதை ஒவ்வொரு ஊரும் தன் வசதிக்கும் தன் அதிகாரத்துக்கும் ஏற்ப வகுத்துக்கொள்கிறது.

இனி அந்த மூன்றாவது கேள்விக்கு நேராக வருவோம். அன்பைச் சிரமத்தால் அளக்க முடியுமா?

சிரமப்பட்டுச் செய்ததில் அன்பு கூடுதல் என்று நாம் நம்புகிறோம். இதில் முழுப் பொய் இல்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளைக்காக ஒருவர் இரவெல்லாம் கண் விழித்தால் அந்தச் சிரமத்தில் அன்பு தெரிகிறது. அங்கே சிரமம் தேவையாக இருந்தது, வேறு வழி இல்லை. வேறு வழி இருக்கும்போதும் சிரமத்தையே கேட்பதுதான் வேறு சங்கதி. எங்கள் பகுதி ஆழ்துளைக் கிணற்றுப் பாசனப் பகுதி. ஒரு காலத்தில் கிணற்றில் மாடு கட்டிக் கவலை இறைத்த ஆண்கள், மோட்டார் வந்ததும் ஒரு பொத்தானை அமுக்கிவிட்டுக் கயிற்றுக் கட்டிலில் படுத்தார்கள். "கவலை இறைச்ச தண்ணியில வெளஞ்ச நெல்லு ருசி இதுல இல்லையே, இவனுக்கு நெலத்து மேல பாசம் கொறஞ்சு போச்சு" என்று யாரும் சொல்லவில்லை. அறுவடை இயந்திரம் வந்தபோதும் சொல்லவில்லை. ஆண் சிரமத்தைக் குறைத்தால் அது கெட்டிக்காரத்தனம். பெண் குறைத்தால் அது சோம்பேறித்தனம், கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் 'நாங்கள்லாம் இப்படியா'. ஒரே செயலுக்கு இரண்டு பெயர் இருக்குமானால், அங்கே அளக்கப்படுவது அன்பு இல்லை என்று அர்த்தம்.

2021இல் வந்த 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' மலையாளப் படத்தை நம்மில் பலர் பார்த்திருப்போம், 2023இல் தமிழிலும் வந்தது. அதில் வரும் மாமனார் கத்துவதில்லை, அடிப்பதில்லை. சோறு குக்கரில் வேண்டாம், விறகடுப்பில் வடித்ததாக இருக்கட்டும் என்றும், துணியை இயந்திரத்தில் போட வேண்டாம் என்றும் மென்மையாகச் சொல்கிறார். அந்த மென்மையில் மருமகளின் ஒவ்வொரு மணி நேரமும் கரைகிறது. அந்தப் படத்தைப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான்: அவருக்கு வேண்டியது விறகடுப்புச் சோற்றின் ருசியோடு சேர்த்து, தனக்காக இன்னொரு மனுஷியின் முழு நாளும் செலவாகிறது என்கிற உறுதி. அந்த உறுதியைக் குக்கர் குலைத்துவிடுகிறது. என் ஐஸ் பெட்டியும் அதைத்தான் குலைக்கிறது.

ஆனால் அத்தையை அந்த மாமனாரோடு ஒரே வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை கடந்தது. புதுக்கோட்டை, தஞ்சை மாவட்டங்களில் தென்னைகள் எப்படி விழுந்தன என்பதை இந்தப் பக்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மின்கம்பங்கள் வரிசை வரிசையாய்ச் சாய்ந்தன. கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. எங்கள் பிரிட்ஜ் வெறும் அலமாரியானது. மிக்சி இல்லை, மோட்டார் இல்லை, இரண்டாம் வாரம் எரிவாயுவும் தீர்ந்தது. அந்த நாள்களில் வீட்டைக் காப்பாற்றியவர் அத்தை. விழுந்து கிடந்த தென்னை மட்டையை இழுத்து வந்து, மூன்று கல்லைக் கூட்டி, அம்மியைக் கழுவிப் போட்டு, எங்களுக்கும் பக்கத்து இரண்டு வீடுகளுக்கும் சேர்த்துப் பொங்கிப் போட்டார். நான் அவருக்கு எடுபிடி. அவர் முகத்தில் அப்போது இருந்த தெளிவை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அவருக்கு வேறு யாரும் பட்டம் தரவில்லை, சம்பளம் தரவில்லை, அவர் பெயரில் ஒரு சென்ட் நிலம் இல்லை. இருந்தது கைப்பக்குவம் ஒன்றுதான். ஊரில் அவருக்கு இருந்த ஒரே மரியாதை, "அந்தாத்தா கை பட்டா மண்ணும் மணக்கும்" என்பது. நான் கல்லுக் கோழியைக் குக்கரில் கொட்டிப் பதினைந்து நிமிடத்தில் குழம்பு வைத்தபோது, அவர் வாழ்நாளின் சொத்து மதிப்பை நான் ஒரு நொடியில் குறைத்துவிட்டேன். "நாங்கள்லாம் இப்படியா பொங்கிப் போட்டோம்?" என்பதில் பாதி குற்றச்சாட்டு, மீதி துக்கம். நாங்கள் பட்டதெல்லாம் அவசியமே இல்லாததா என்கிற துக்கம்.

இதை மறந்துவிட்டுச் சுலபத்தைக் கொண்டாடினால் நம் பெண்ணியம் நமக்கு முந்தைய தலைமுறைப் பெண்களை ஏளனம் செய்வதில் போய் முடியும். அவர்கள் உழைப்புக்கு மதிப்பு இருந்தது. அதற்குக் கூலிதான் தரப்படவில்லை. 2023 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி கிருஷ்ணன் ராமசாமி ஒரு தீர்ப்பு தந்தார். வெளிநாட்டில் சம்பாதித்த கணவரின் பணத்தில் வாங்கிய சொத்தில், வீட்டையும் பிள்ளைகளையும் கவனித்த மனைவிக்கும் பங்கு உண்டு என்றது அந்தத் தீர்ப்பு. மனைவி வீட்டைப் பார்த்துக்கொள்வதால்தான் கணவர் சம்பாதிக்க விடுவிக்கப்படுகிறார் என்பது அதன் அடிப்படை. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் ஆண்களை அனுப்பிவைக்கும் எங்கள் பகுதியில் இந்தத் தீர்ப்பை வீட்டுக்கு வீடு வாசித்துக் காட்ட வேண்டும். அத்தையின் நாற்பது வருடம் எங்கே போனது என்பதற்கு அதில் பதில் இருக்கிறது. அது மாமாவின் நேரமாக மாறியது.

நேரம் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மாறும். இதைப் புரிந்துகொண்டால் ஐஸ் பெட்டிக் கோழியின் அடுத்த கேள்வி தானாக வரும். நான் மிச்சப்படுத்திய நேரம் யாரிடம் போகிறது?

புதன்கிழமை எனக்கு முக்கால் மணி நேரம் மிச்சமானது. கடைக்குப் போகவில்லை, கழுவவில்லை, நறுக்கவில்லை. அந்த முக்கால் மணியில் நான் என்ன செய்தேன் என்று பின்னால் கணக்குப் பார்த்தேன். பள்ளிச் சீருடை இரண்டைத் தேய்த்தேன். மறுநாளைக்கு மாவு ஆட்டினேன். மகளின் கணக்குப் பாடத்தில் உட்கார்ந்தேன். ஐந்து நிமிடம்கூட எனக்கென்று மிஞ்சவில்லை. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய நூலின் தலைப்பைத் தமிழில் 'அம்மாவுக்கு இன்னும் கூடுதல் வேலை' என்று சொல்லலாம். வீட்டு இயந்திரங்கள் வந்தபோது விறகு வெட்டுவது போன்ற ஆண்களின் வேலையும் பிள்ளைகளின் வேலையும் குறைந்தன, பெண்ணிடம் எதிர்பார்க்கப்படும் சுத்தமும் வகைவகையான சமையலும் கூடின என்று அவர் காட்டினார். இங்கேயும் அதுதான். 2011இல் தமிழக அரசு விலையில்லா மிக்சியும் கிரைண்டரும் தந்தது. அம்மிக்கும் ஆட்டுக்கல்லுக்கும் விடுதலை கிடைத்தது. ஆனால் ஒரு சட்னி வைத்த வீட்டில் இரண்டு சட்னி கேட்கத் தொடங்கினார்கள்.

ஒன்றிய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இதை எண்ணில் சொல்கிறது. 2019இல், கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண்கள் அதற்காக நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடம் செலவிட்டார்கள், அதில் ஈடுபடும் ஆண்கள் 97 நிமிடம். 2024இல் பெண்கள் 289, ஆண்கள் 88. ஐந்து வருடத்தில் பெண்ணுக்கு 10 நிமிடம் குறைந்தது, ஆணுக்கு 9 நிமிடம் குறைந்தது. கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் உழைத்தவருக்கும் ஒன்றரை மணி நேரம் உழைத்தவருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு சலுகை. இந்தப் பங்கீட்டை வேறு எந்தப் பஞ்சாயத்தில் வைத்தாலும் சிரிப்பார்கள்.

இந்த இடத்தில் எனக்கு என் அம்மாவின் சைக்கிள் ஞாபகத்துக்கு வருகிறது. 1991-92இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்பதை எழுத்தறிவோடு சேர்த்தார். ஆயிரக்கணக்கான பெண்கள் ஓட்டக் கற்றார்கள். அதில் என் அம்மாவும் ஒருவர். எனக்குப் பத்து வயது. "பொம்பள சைக்கிள் மிதிச்சா ஊரு உருப்படுமா" என்ற பேச்சு எங்கள் தெருவில் சில வாரம்தான் நீடித்தது. அதன்பிறகு தெருவே அந்தச் சைக்கிளின் பயனைக் கண்டுகொண்டது. அம்மா குடத்தைக் கட்டித் தண்ணீர் கொண்டு வந்தார், என்னைப் பள்ளியில் விட்டார், அப்பாவுக்கு வயலுக்குச் சோறு கொண்டு போனார், ரேஷன் வாங்கினார். முன்பு நாலு பேர் நடந்து செய்த வேலை அம்மா ஒருவரின் மிதியில் ஏறிக்கொண்டது. ஆனால் வாரத்தில் இரண்டு இரவு, எட்டு மணிக்கு மேல், அதே சைக்கிளை எடுத்துக்கொண்டு அறிவொளி வகுப்புக்குப் போவார். அன்று வீட்டில் என்ன வேலை கிடந்தாலும் போவார். "நான் போயிட்டு வாரேன்" என்பார், "போகட்டுமா" என்று கேட்டதில்லை. சைக்கிள் அம்மாவுக்கு எப்போது விடுதலையானது என்று யாராவது என்னைக் கேட்டால், அந்த இரண்டு இரவுகளைத்தான் சொல்வேன். மற்ற நாள்களில் அது இன்னொரு வேலைக்காரி. கருவி ஒன்றுதான். மிச்சமான நேரத்தை அம்மா தன்னுடையது என்று அறிவித்த நாளில் மட்டும் அதன் பொருள் மாறியது.

நான் அப்படி எதையும் அறிவிக்கவில்லை. என் முக்கால் மணி நேரத்தை நானே வீட்டுக்குத் திருப்பித் தந்துவிட்டேன், அது என்னுடையது என்று எனக்கே தோன்றாததால்.

இதோடு இன்னொன்றையும் கவனித்தேன். இந்த வீட்டில் ஆண்கள் சமைக்காததற்கு இதுவரை சொல்லப்பட்ட காரணம் கைப்பக்குவம். "எனக்கு அந்தப் பக்குவம் வராது" என்பார் கணவர். மீன் குழம்பில் புளியின் அளவு, கறியில் மிளகின் அளவு, தீயின் அளவு, இதெல்லாம் அம்மா கையோடு வந்தது, கற்றுக்கொள்ள முடியாதது என்று பேச்சு. கல்யாணச் சமையலிலும் பிரியாணிக் கடையிலும் கரண்டி பிடிப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான், கூலி உண்டென்றால் பக்குவம் வந்துவிடுகிறது என்பதை இப்போதைக்கு விட்டுவிடுவோம். ஐஸ் பெட்டிக் கோழிக்குப் பக்குவமே தேவையில்லை. அதுதான் அதன் குறை, அதுதான் அதன் அறம். அது அவ்வளவு சுலபமென்றால், அதைச் செய்ய நான் எதற்கு? சிரமமானதென்றால் 'உனக்குத்தான் தெரியும்' என்று என்னிடம் வருகிறது. சுலபமானதென்றால் 'உனக்குச் சுலபம்தானே' என்று மறுபடி என்னிடமே வருகிறது. இரண்டு பாதையும் ஒரே வாசலுக்கு வந்தால், பாதையைப் பற்றிய பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பற்றிப் பேச வேண்டும்.

அடுத்த ஞாயிறு நான் ஒரு தாளில் எழுதிப் பிரிட்ஜ் கதவில் ஒட்டினேன். துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்கத் தட்டில் பரப்பி இரண்டு மணி நேரம் உறைய வைத்து, பிறகு பொட்டலத்தில் போட்டிருக்கிறேன். எடுத்ததும் அப்படியே கொட்டலாம். எண்ணெய் இரண்டு கரண்டி. வெங்காயம் இரண்டு, தக்காளி இரண்டு. தூள் வகை, அளவோடு. பனி உருகித் தண்ணீர் விடும், அதனால் அரை டம்ளர் மட்டும் ஊற்று. ஆறு விசில். திறந்து பெரிய துண்டை வெட்டிப் பார். கடைசி வரியில், "புதன்: அப்பா. அடுத்த புதன்: தம்பி" என்று எழுதினேன். தம்பி என்பது என் மகன், பதினொன்றாம் வகுப்பு.

பெரிய சண்டை வந்திருந்தால் எழுதுவதற்கு வசதியாக இருந்திருக்கும். வரவில்லை. கணவர் தாளை இரண்டு முறை படித்தார். "மின்வாரியத்துல புதன்கிழமை கரண்டு எடுப்பாங்களே" என்றார். மாதாந்திரப் பராமரிப்புக்குப் பகல் முழுக்க மின்சாரம் நிறுத்துவது எங்கள் ஊரில் வழக்கம். ஐஸ் பெட்டிக்குள் ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து அதன் மேல் ஒரு ரூபாய்க் காசு வைத்திருப்பதைக் காட்டினேன். காசு மேலேயே இருந்தால் பெட்டி உருகவில்லை, கோழி பத்திரம். காசு உள்ளே முங்கியிருந்தால் உருகி மறுபடி உறைந்திருக்கிறது, அந்தக் கோழி வேண்டாம். அதற்கு மேல் அவரிடம் கேள்வி இல்லை.

அந்தப் புதன்கிழமை நான் வீட்டுக்கு வந்து, முகம் கழுவி, திண்ணையில் போய் உட்கார்ந்தேன். உள்ளே வெங்காயம் கருகுகிற வாசம் வந்தது. எழுந்து போகத் துடித்த காலை அழுத்திக்கொண்டு இருந்தேன். இதைப் படிக்கிற மாணவிகளுக்கு இது விளையாட்டாகத் தோன்றலாம். அந்த முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தது நான் இதுவரை செய்த எந்த வேலையையும்விடக் கடினமாக இருந்தது. குற்றவுணர்வு வயிற்றில் பசிபோலப் பிசைந்தது. என்னை அடுப்படியில் யாரும் கட்டி வைக்கவில்லை. ஆனாலும் கட்டு அவிழ்ந்தபோது நடக்கத் தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் அத்தையும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"வெங்காயத்தத் தீய விட்டுட்டான்" என்றார்.

"திம்போம் அத்தை."

"ம்."

குக்கர் விசில் அடித்தது. அத்தை விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். ஆறாவது விசிலில், "எம் மவன் பொங்கி நான் திங்கிறது இதாந்தா மொதத் தடவ" என்றார். அதில் வருத்தம் இருந்ததா மகிழ்ச்சி இருந்ததா என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்றைக்கு அவருக்கு நெஞ்சுக்கறித் துண்டை வைத்தேன். "எனக்கெதுக்கு" என்று ஒருமுறை சொன்னார், பிறகு சாப்பிட்டார். மசாலா பிடிக்கவில்லை என்றும் சொன்னார்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. மகன் என் கணவரைவிட நன்றாக வைக்கிறான். புதன்கிழமை இரவுகளில் நான் நூலகத்தில் எடுத்த புத்தகம் ஒன்றைத் திண்ணை விளக்கில் வாசிக்கிறேன். சில நாள் வாசிக்காமல் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அந்த நேரத்துக்குக் கணக்குச் சொல்வதை நிறுத்திக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கடைத்தெருவில் நின்று கோழி வாங்கி, கழுவி, தட்டில் பரப்பி, பொட்டலம் கட்டி, தேதி எழுதி ஐஸ் பெட்டியில் அடுக்குவது இன்னும் நான்தான். சுலபமான புதன்கிழமைக்குப் பின்னால் என்னுடைய ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது. அதை அடுத்துப் பேச வேண்டும். தாளில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது.